பாட்டு யாருடையது? இசைக்குழுக்களில் எழும் உரிமை வழக்குகள்

இசைக்குழு ஒன்று தோன்றும் காலத்தில் அதன் உறுப்பினரிடையே கணக்கு வழக்கு இருப்பதில்லை. நால்வரோ ஐவரோ ஒரே வண்டியில் ஏறி ஊர் ஊராகச் செல்வர். கிடைத்ததைப் பகிர்ந்து உண்பர். ஒருவர் கொணர்ந்த பாட்டுக்கு மற்றவர் மெருகு தருவர். எந்தச் சுரத்தை எவர் சொன்னார் என்று அப்பொழுது எவரும் எழுதி வைப்பதில்லை. பாட்டுப் புகழ்பெற்றுப் பணம் வரத் தொடங்கிய பின்னரே, ‘இதனை இயற்றியவர் யார்?’ என்னும் வினா எழுகின்றது. நேற்றைய நண்பர் இன்று வாதியும் பிரதிவாதியும் ஆகின்றனர்.

இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகள் சிலவற்றை விரிவாக ஆராய்ந்து தீர்ப்பளித்துள்ளன. அவற்றுள் ஒன்று, பாட்டு வெளிவந்து 38 ஆண்டுகள் கழிந்தபின் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கின் உயிர்நிலை, பாட்டின் தொடக்கத்தில் வரும் எட்டே எட்டுத் தாளவட்டங்கள். அதனையும் அதனோடு ஒப்பிடத்தக்க வேறு சிலவற்றையும் நோக்கினால், கலையில் ‘ஆக்கியோன்’ என்னும் சொல்லுக்குப் பொருள் காண்பது எத்துணை அரிது என்பது விளங்கும்.

ஒரு பாட்டு, பல உரிமைகள்

பாட்டு என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவது, சட்டத்தின் கண்ணுக்கு ஒரே பொருளன்று. சொற்கள் ஓர் உடைமை. மெட்டு மற்றோர் உடைமை. அவ்விரண்டையும் பாடி இசைத்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு மூன்றாவது உடைமை. சொல்லையும் இசையையும் பிரித்துக் காண்பது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. பரிபாடற் பாட்டுக்கள் பலவற்றின் கீழ்ப் பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டிருத்தலை அவர்கள் அறிவர். அங்கே பெயர் மட்டும் உண்டு. இக்காலத்தில் பெயரின் பின்னே பணமும் வருகின்றது.

அப்பணத்தை ‘ராயல்டி’ என்பர், உரிமைத்தொகை எனலாம். இசைத்தட்டு விற்றாலும், வானொலியில் பாட்டு ஒலித்தாலும், வேறொருவர் மேடையில் அதனைப் பாடினாலும், சொல்லையும் மெட்டையும் இயற்றியவர்க்கு ஒரு பங்கு உண்டு. இத்தொகையைத் திரட்டிப் பகிர்ந்தளிக்கும் சங்கம் பிரிட்டனில் 1914ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. வாசித்தவர்க்கும் பாடியவர்க்கும் கிடைப்பது வேறு. அது பெரும்பாலும் ஒலிப்பதிவைச் சார்ந்தது. அதன் அளவும் வழியும் வேறுபட்டவை.

பூசலின் வேர் இங்கேதான் உளது. குழுவின் பாட்டு விற்பனையில் முதலிடம் பெறும்போது, மேடையில் ஐவரும் ஒருங்கே வணங்குவர்; கைதட்டல் ஐவர்க்கும் பொது. ஆயின் தட்டின் நடுவிலுள்ள சிறு தாளில் ‘இயற்றியவர்’ என்று ஒருவர் அல்லது இருவர் பெயரே அச்சாகியிருக்கும். அவர்க்கு அப்பாட்டு வாழ்நாள் முழுவதும் வருவாய் தரும். பிரிட்டனின் இன்றைய சட்டப்படி அவர் இறந்தபின் 70 ஆண்டுகள்வரை அவர்தம் வழியினர்க்கும் தரும். குழு கலைந்தபின், பெயர் இல்லாதவர் வேறு தொழில் தேட நேரும்.

எட்டுத் தாளவட்டம்

1967ஆம் ஆண்டு மே திங்கள் 12ஆம் நாள் இலண்டனில் ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ என்னும் பாட்டு வெளிவந்தது. வெளியிட்ட குழு ‘புரோக்கல் ஹாரம்’. அடுத்த திங்களில் அது பிரிட்டனின் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்று, ஆறு வாரம் அவ்விடத்தில் நின்றது. சொற்களை எழுதியவர் கீத் ரீட். அவர் எக்கருவியும் வாசிப்பவரல்லர். மெட்டமைத்துப் பியானோ வாசித்துப் பாடியவர் கேரி புரூக்கர். இவ்விருவரும் தம் பாட்டின் உரிமையை அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாளே ஒரு வெளியீட்டகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர்.

அதன்பின் குழுவில் சேர்ந்தவர் மாத்யூ ஃபிஷர் என்னும் இளைஞர். மின்விசையால் இயங்கும் ஆம்மண்ட் ஆர்கன் அவர் கருவி. பாட்டை ஒத்திகை பார்த்த நாட்களில், தொடக்கத்திலும் இடையிடையேயும் வருமாறு ஆர்கனுக்கு ஓர் இசைப்பகுதியை அவர் அமைத்தார். செர்மானிய இசைப் பேராசிரியர் பாஃகின் இசைநெறியை நினைவூட்டும் பகுதி அது. அப்பாட்டைக் கேட்டோர் பலர்க்குச் சொற்கள் மறந்து போகலாம். பொருளோ பலர்க்கு முதலிலேயே விளங்கியதில்லை. ஆயின் அவ்வார்கன் ஒலி இரண்டு நொடி கேட்டால் போதும், ‘இன்ன பாட்டு’ என்று கூறிவிடுவர்.

தட்டில் ஃபிஷரின் பெயர் இயற்றியவர் வரிசையில் இல்லை. அவர் அதுபற்றி அக்காலத்திலேயே பேச்செடுத்தும் பயன் கிட்டவில்லை. மேலும் வற்புறுத்தினால் குழுவில் தம் இடமே போய்விடும் என்று அஞ்சியதாக அவர் பின்னாளில் கூறினார். 1969ஆம் ஆண்டில் குழுவை விட்டார்; பல்லாண்டுகளுக்குப்பின் மீண்டும் அதனுடன் சேர்ந்து இசைத்ததும் உண்டு. 2005ஆம் ஆண்டு மே திங்கள் 31ஆம் நாள்தான் வழக்குத் தொடுத்தார். 

மூன்று மன்றங்கள், மூன்று தீர்ப்புக்கள்

புரூக்கர் தரப்பு வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஃபிஷர் வருமுன்னரே பாட்டு இருந்தது. அது நாடாவில் பதிவும் செய்யப்பட்டிருந்தது. ஆர்கன் பகுதியின் அடியில் ஓடும் ஒத்திசைச் சுரங்களின் வரிசை புரூக்கர் அமைத்தது. அவ்வரிசையின்மேல் கற்பனையாக வாசிப்பது குழுவிலுள்ள எந்த வாத்தியக்காரர்க்கும் உரிய கடமையே. தவில்காரர் தனியாவர்த்தனத்தில் தம் திறமெல்லாம் காட்டலாம். அதனால் கீர்த்தனத்தை இயற்றியவர் ஆகிவிடுவாரா என்று தமிழர் கேட்கக்கூடிய வினாவுக்கு இது நிகரானது. இதனோடு காலமும் சேர்ந்தது. 38 ஆண்டு வாயடைத்திருந்தவர் இப்பொழுது பங்கு கேட்பது முறையாகுமா என்றனர்.

உயர்நீதிமன்ற நீதிபதி பிளாக்பர்ன் 2006ஆம் ஆண்டு திசம்பர் 20ஆம் நாள் தீர்ப்பளித்தார். முதலில் நாடாவில் பதிந்த பாட்டு வேறு, இசைத்தட்டில் வெளிவந்த பாட்டு வேறு என்பது அவர் கண்ட முடிபு. ஆர்கன் பகுதி வெறும் வாசிப்பன்று. பாட்டின் தனித்தன்மைக்குக் காரணமான புதிய ஆக்கம். பாஃகின் சாயல் இருப்பினும் சுரக்கோவை ஃபிஷருடையதே. ஆகவே தட்டில் வந்த இசைக்கு அவரும் கூட்டாசிரியர். எனினும் புரூக்கரின் பங்கு பெரிது. ஆதலின் ஃபிஷர் கேட்ட பாதியை அளியாது, இசையுரிமையில் நூற்றுக்கு 40 பங்கினை அளித்தார். சொல்லுரிமை இதில் தொடப்படவில்லை. முழு வருவாயைச் சொல்லுக்குப் பாதி, இசைக்குப் பாதி என்று வகுத்தால், ஃபிஷரின் பங்கு மொத்தத்தில் நூற்றுக்கு 20 ஆகும். கடந்த காலத்துக்கு ஒன்றும் இல்லை. வழக்குத் தொடுத்த நாள் முதலாகவே பங்கு என்பது தீர்ப்பு. அந்நாள்வரை பாட்டைப் பயன்படுத்த ஃபிஷர் தம் மௌனத்தாலேயே இசைவு தந்திருந்தார் எனக் கொள்ளப்பட்டது.

மேல்முறையீட்டு மன்றம் 2008ஆம் ஆண்டில் வேறு வகையாகக் கண்டது. ஃபிஷர் கூட்டாசிரியர் என்பதை அம்மன்றமும் ஏற்றது. ஆயின் இத்துணைக் காலம் வாளா இருந்தமையால் பங்கு கேட்கும் உரிமையை அவர் இழந்தார் என்று பெரும்பான்மையோர் கருதினர். பெயர் உண்டு, பொருள் இல்லை என்பது அதன் விளைவு.

இறுதியாக வழக்குப் பிரபுக்கள் சபைக்குச் சென்றது. 2009ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் நீதிப் பிரபுக்கள் ஐவரும் ஒருமனமாக உயர்நீதிமன்றத் தீர்ப்பை மீண்டும் நிலைநாட்டினர். விரிவான தீர்ப்பை எழுதியவர் நியூபெர்கர் பிரபு. பாட்டுரிமை என்பது ஓர் உடைமை. அதன் உரிமையாளர் எனக் கேட்பதற்கு ஆங்கிலச் சட்டம் காலவரை விதிக்கவில்லை. தாமதத்தை நம்பி மற்றவர் இழப்புக்கு ஆளாகியிருந்தால் செய்தி வேறு. இங்கோ ஃபிஷர் பேசாதிருந்தமையால் மற்றவர்க்கு நட்டமில்லை, அவர் பங்கையும் சேர்த்து அத்தனை ஆண்டும் அவர்களே பெற்றனர். நீதிபதிகளுள் ஒருவரான ஏல் சீமாட்டியார், அறுபதுகளை நினைவிற் கொண்டுள்ளவருள் தாமும் ஒருவர் என்றும், அவ்வார்கன் பகுதியை ஆக்கியவர்க்கு இறுதியில் உரிய ஏற்பு கிட்டியது குறித்து மகிழ்வதாகவும் குறிப்பிட்டார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் பிரபுக்கள் சபையின் நீதித்துறைப் பணி புதிய உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. ஆதலின் அச்சபை இறுதியாகத் தீர்த்த வழக்குக்களுள் இஃதும் ஒன்று.

ஒருவர் தோற்றார், ஒருவர் வென்றார்

ஃபிஷர் வென்றதால் குழுவில் வாசித்தவர் அனைவரும் வெல்வர் என்று கருதற்க. 1999ஆம் ஆண்டில் முடிந்த ‘ஸ்பாண்டோ பாலே’ வழக்கு இதற்குச் சான்று. இலண்டனில் ஒரே பள்ளியிற் படித்த இளைஞர் கூடி அமைத்த குழு அது. பாட்டுக்களை இயற்றியவர் கேரி கெம்ப். அவர் பல ஆண்டுகள் தம் பாட்டுரிமை வருவாயில் ஒரு பகுதியைக் குழுவினர்க்கும் அளித்துவந்தார். 1980களின் இறுதியில் அதனை நிறுத்தினார். பாடகர் தோனி ஆட்லி, சாக்சபோன் வாசித்த ஸ்டீவ் நார்மன், முரசறைந்த சான் கீபிள் ஆகிய மூவரும் வழக்குத் தொடுத்தனர். பகிர்ந்தளிப்பதாக வாய்மொழி ஒப்பந்தம் உண்டு என்றனர். அஃதன்றியும் பாட்டுக்களின் ஆக்கத்தில் தமக்கும் பங்குண்டு என்றனர்.

நீதிபதி பார்க் இரண்டையும் ஏற்கவில்லை. கெம்ப் அளித்தது அவர்தம் விருப்பத்தால் அளித்தது, ஒப்பந்தத்தால் அன்று. அவர் பாட்டுக்களை முழுமையாக மனத்தில் அமைத்துக் கித்தாரில் வாசித்துக் காட்டிய பின்னரே மற்றவர் அவற்றைக் கற்றனர். மற்றவர் சேர்த்தது நல்ல வாத்தியக்காரர் எவரும் சேர்க்கக்கூடிய வாசிப்புத் திறம், ஆக்கம் அன்று. ‘ட்ரூ’ என்னும் பாட்டில் நார்மன் வாசித்த சாக்சபோன் பகுதி கேட்போர் உள்ளத்தில் நின்றதுதான். அதுவும் வாசிப்பே எனக் கொள்ளப்பட்டது. வழக்குத் தோற்றது. எனினும் பத்தாண்டுகள் கழித்து, 2009ஆம் ஆண்டில், அவர்கள் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர்.

இதற்கு எதிராக மற்றொன்று. ‘புளூபெல்ஸ்’ என்னும் குழு 1984ஆம் ஆண்டில் ‘யங் அட் ஆர்ட்’ என்னும் பாட்டைப் பதிவு செய்தபோது, கூலிக்கு அமர்த்தப்பட்ட வயலின்காரர் ஒருவர் அதற்கு ஓர் இசைப்பகுதி அமைத்து வாசித்தார். மேடைகளில் பாபி வாலண்டினோ எனப் பெயர் பெற்றவர் அவர். 1993ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி விளம்பரம் ஒன்றில் அப்பாட்டு ஒலிக்க, மறுவெளியீட்டில் அது முதலிடம் பெற்றது. வயலின்காரர் பங்கு கேட்டார். உயர்நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் அவரைக் கூட்டாசிரியர் என ஏற்றது. 2003ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. குழுவின் உறுப்பினர் தோற்ற இடத்தில் கூலிக்கு வந்தவர் வென்றார். ஆகவே அளவுகோல் உறவுமன்று, உழைத்த காலமுமன்று. பாட்டுக்கு உயிர்ப்பகுதியாகிய புதிய இசைக்கோவை ஒன்றைத் தாமே படைத்தாரா என்பதே கேள்வி. ஆக்கம் எங்கே முடிகின்றது, வாசிப்பு எங்கே தொடங்குகின்றது என்பதற்கு எல்லைக்கல் நட்டவர் எவரும் இலர். ஒவ்வொரு வழக்கிலும் அவ்வெல்லை புதிதாக அளக்கப்படுகின்றது.

ஆக்கம் வேறு, கூட்டு வேறு

பாட்டை இயற்றாதவர்க்கு உரிமையே இல்லையோ எனில், அங்ஙனமன்று. மான்செஸ்டர் நகரத்தின் ‘ஸ்மித்ஸ்’ குழுவில் மாரிசியும் சானி மாரும் பாட்டுக்களை இயற்றினர். அவ்வுரிமையை எவரும் மறுக்கவில்லை. ஆயின் இசைத்தட்டு விற்பனையிலும் கச்சேரிகளிலும் குழுவுக்கு வந்த வருவாயில் அவ்விருவரும் நூற்றுக்கு 40 வீதம் எடுத்துக்கொள்ள, முரசறைந்த மைக் சாய்சுக்கும் மற்றவர்க்கும் 10 வீதமே கிடைத்தது. குழு 1987ஆம் ஆண்டில் கலைந்தபின் சாய்ஸ் நீதிமன்றம் சென்றார்.

நால்வரும் கூட்டு வணிகம் நடத்திய பங்காளிகள். வேறு ஒப்பந்தம் இல்லையெனில் பங்காளிகள் ஆதாயத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளல் வேண்டும் என்பது 1890ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டத்தின் விதி. குறைந்த பங்குக்குச் சாய்ஸ் உடன்பட்டதற்குப் போதிய சான்று இல்லை. ஆகவே 1996ஆம் ஆண்டில் அவர்க்கு நூற்றுக்கு 25 என்று தீர்ப்பாயிற்று. 1998ஆம் ஆண்டில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. இசைச் சட்டத்தைத் தேடிப் போகாமல், கடைக்காரர் இருவர் கூட்டுக்கும் பொருந்தும் பழைய வணிகச் சட்டத்தைக் கொண்டே இவ்வழக்கு முடிந்தது என்பது நோக்கத்தக்கது.

முன்னரே பேசியவர்கள்

இப்பூசலை முன்னறிந்து வழி கண்டவரும் உளர். ‘பீட்டில்ஸ்’ குழுவின் சான் லெனனும் பால் மக்கார்ட்டினியும், இருவருள் எவர் இயற்றினும் இருவர் பெயரும் சேர்ந்தே வருதல் வேண்டும் என்று இளமையிலேயே உடன்பட்டனர். 1965ஆம் ஆண்டில் வந்த ‘எஸ்டர்டே’ மக்கார்ட்டினி தனியே இயற்றியது. ஆயினும் தாளில் இருவர் பெயரும் உண்டு. பணம்பற்றிய வழக்கு இருவரிடையே இதனால் எழவில்லை. எனினும் 2002ஆம் ஆண்டில் மக்கார்ட்டினி வெளியிட்ட கச்சேரிப் பதிவு ஒன்றில் தம் பெயரை முன்னும் லெனன் பெயரைப் பின்னும் இட்டபோது, அதுவே பெரும் பேச்சாயிற்று. பெயர் வரிசையும் மானத்தைத் தொடும்போலும்.

‘குயின்’ குழுவினர் நால்வரும் பாட்டியற்ற வல்லவர். நெடுங்காலம் தத்தம் பெயரிலேயே வெளியிட்டுவந்தவர்கள், 1989ஆம் ஆண்டுத் தொகுப்பு முதல் எல்லாப் பாட்டுக்களையும் குழுவின் பெயரால் வெளியிட்டனர். யார் பாட்டைத் தட்டில் சேர்ப்பது என்னும் போட்டி அதனால் தணிந்தது. இம்முறையிலும் குறை உண்டு; மிகுதியாக உழைப்பவர் குறைவாக உழைப்பவர்க்குத் தம் பங்கை விட்டுக்கொடுக்க நேரும். ஆயினும் அது அறிந்தே செய்யும் விட்டுக்கொடுப்பு. அறியாமல் இழப்பதற்கும் அறிந்து விடுவதற்கும் வேறுபாடு பெரிது.

எழுதிவைத்தலின் பயன்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் கூட்டாசிரியர் என்னும் கருத்தை ஏற்றவை. ஆங்கிலத் தீர்ப்புக்கள் இந்நாடுகளின் மன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆயினும் அவை வழிகாட்டியாக எடுத்து நோக்கப்படுவது உண்டு. பாட்டியற்றுநரின் தொகையைத் திரட்டும் சங்கங்களும் இரு நாட்டிலும் உள்ளன. அவற்றில் ஒரு பாட்டைப் பதிவு செய்யும்போது கேட்கப்படும் முதற்செய்தி, இயற்றியவர் எவரெவர், பங்கு எவ்வளவு என்பதே.

பாட்டு முடிந்த நாளிலேயே ஒரு தாளில் சொல் இன்னார், மெட்டு இன்னார், இடையிசை இன்னார், பங்கு இவ்வளவு என்று எழுதி அனைவரும் கையொப்பமிடுதல் இக்கால இசைக்குழுக்களில் பெருகிவரும் நல்வழக்கம். பத்து நிமிட வேலை. அன்பைக் குலைக்கும் செயல் அதுவன்று. அன்பு உள்ளபோதே செய்தாலன்றி அஃது இயலாது. ஆண்டு விழாவுக்குப் பள்ளிப் பாட்டு ஒன்று அமைக்கும்போதும், எழுதிய ஆசிரியர் பெயரோடு, ஆர்மோனியத்தில் மெட்டுக் கண்ட மாணவன் பெயரையும் ஏட்டில் குறித்துவைத்தல் தகும். பணம் வாராது போயினும் பெயர் நிற்கும்.

கேரி புரூக்கர் 2022ஆம் ஆண்டிலும் கீத் ரீட் 2023ஆம் ஆண்டிலும் மறைந்தனர். பாட்டு இன்னும் ஒலிக்கின்றது. அதனை இயற்றியவர் பெயர்களுள் இப்பொழுது ஃபிஷரின் பெயரும் உண்டு. அவர் இளமையில் ஒரு சில நாளில் அமைத்த இசைக்கு உரிய பெயரை அடைய, நாற்பதாண்டுகளும் மூன்று நீதிமன்றங்களும் தேவைப்பட்டன. 1967ஆம் ஆண்டில் ஒத்திகை அறையில் ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் இருந்து, அவற்றை எடுக்கும் மனமும் இருந்திருந்தால், அவ்வளவும் வேண்டியிருந்திராது.